மத்தியானக் காற்று

காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் நான் அனல்மின் நிலையச் சிம்னியைப் பார்ப்பேன். எண்ணூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. பின்பக்க பால்கனியில் நின்றால் சிம்னிகள் வரிசையாகத் தெரியும். புகை கடல் பக்கம் சாய்ந்திருந்தால் ஜன்னலைத் திறக்கலாம், துணி காயப் போடலாம். புகை எங்கள் பக்கம் சாய்ந்தால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஒரு பக்கெட்டில் தண்ணீரும், நனைத்து மூக்கைப் பொத்த ரெண்டு டவலும் எடுத்து வைத்துக்கொள்வேன். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு விடியற்காலையில் எங்கிருந்தோ நெடி கிளம்பி தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. எதிலிருந்து வந்தது என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்குப் பிடித்த பழக்கம் இது.

என் வீட்டுக்காரருக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். "இன்னாமே, வானிலை அறிக்கை வாசிச்சிட்டியா?" என்பார். அவர் முகத்துவாரக்குப்பத்துக்காரர். இருபது வயது வரைக்கும் அவருடைய நைனாவோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். பிறகுதான் துறைமுகத்தில் கப்பல் ரிப்பேர் செய்யும் இடத்தில் பைப் ஃபிட்டராகச் சேர்ந்து, அதிலேயே ரிட்டையரும் ஆனார். நான் பிறந்ததோ வியாசர்பாடி ஹவுசிங் போர்டில். அப்பா ரயில்வே. எங்களுக்குக் கடல் என்றால் காணும் பொங்கலுக்கு மெரினா, அவ்வளவுதான். கல்யாணமாகி முப்பது வருடம் கடலோரத்தில் இருந்தும் நான் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை.

எங்களுக்குள் தினமும் நடக்கும் சண்டை மத்தியானக் காற்றைப் பற்றியது. எங்கள் கரையில் காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். உச்சி வெயிலுக்குப் பிறகு அது நின்று, கடலிலிருந்து கரைக்குக் காற்று வீச ஆரம்பிக்கும். அந்தக் காற்றில்தான் சிம்னிப் புகை எங்கள் பக்கம் திரும்பும். அதனால் நான் ஓடி ஓடி ஜன்னலை மூடுவேன். அவர் பின்னாலேயே வந்து திறப்பார். "அது நம்ம தோஸ்துமே. அத்த போய் மூட்ற. எங்க நைனா காலைல கரைக்காத்துல மரத்த தள்ளுவாரு. மத்தியானம் பாய அவுத்து வுட்டா போதும், குந்திகினே வூட்டு வாசலுக்கு வந்துருவோம். ஒரு நாள் கூட அது எங்கள ஏமாத்துனதில்ல."

"உன் தோஸ்து என் வீட்டுத் தரையெல்லாம் சாம்பல் கொட்டிட்டுப் போறான்யா. வந்து பெருக்கச் சொல்லு" என்பேன் நான்.

போன வருடம் அவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள். அது எப்போதும் என் கைப்பையில்தான் இருக்கும். அவரிடம் கொடுத்தால் சட்டைப் பையோடு சோப்புத் தண்ணீரில் ஊறிவிடும். அன்றிலிருந்து அவர் மாடிப்படி ஏறினாலும் நான் கீழே நின்று எண்ணிக்கொண்டிருப்பேன். பாத்ரூமில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டுவேன். எனக்கு இருக்கும் பயத்தில் பாதியை அவருக்குக் கொடு சாமி என்று வேண்டிக்கொண்டதும் உண்டு. அந்த வேண்டுதலை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

எங்கள் ஒரே மகள் ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அங்கே இருப்பவர்களெல்லாம் கோடையில் கிரேக்கத் தீவுகளுக்குப் போவார்களாம். "நைனா ஆயுசு பூரா கப்பலுக்கு அடியில படுத்துகினு பைப் மாட்னாரு. ஒரு தடவை அந்த ஊர்ங்கள பாக்கட்டும்மா" என்று டிக்கெட் போட்டுவிட்டாள். டாக்டரும் போகலாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு மட்டும்தான் மனசு ஒப்பவில்லை. தீவு என்றால் நாலு பக்கமும் கடல். எந்தப் பக்கம் ஓடுவது?

நாங்கள் போனது கிரீட் என்ற பெரிய தீவு. முதல் நாள் மகள் க்னோசஸ் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாலாயிரம் வருடத்துக்கு முந்தியது என்றாள். வெயில் எங்கள் ஊர் வெயில்தான், ஆனால் வேர்வை வரவில்லை, தோல் மட்டும் காந்தியது. ஆள் உயரத்துக்கு மண்சாடிகள் வரிசையாக நின்றன. எண்ணெயும் தானியமும் வைப்பார்களாம். லாரித் தண்ணீருக்கு எங்கள் தெருவில் டிரம் வைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அஞ்சு நிமிடம் கூட நிற்கவில்லை. இந்த அரண்மனை பூமி அதிர்ச்சியில் விழுந்தது, திரும்பக் கட்டினார்கள், திரும்ப விழுந்தது என்று மகள் படித்துச் சொன்னாள். வடக்கே ஒரு தீவில் எரிமலை வெடித்து, கடல் எழும்பி இந்தத் தீவின் கரைக்கு வந்ததாம். சுனாமி அன்றைக்கு என் மாமியார் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, அரிசி மூட்டை தெருவில் மிதந்ததைப் பார்த்தவள் நான். காலுக்குக் கீழே தரை ஆடுவது போலவே எனக்கு இருந்தது.

திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம்.

அந்த இடம் முழுக்கச் சுவரும் சந்தும் படிக்கட்டும்தான். உள்ளே போனவன் வெளியே வர முடியாத ஒரு கட்டடம் இருந்ததாகவும், அதற்குள் மாட்டுத் தலையோடு ஒரு மிருகம் இருந்ததாகவும் கதை உண்டு என்று காலையில்தான் மகள் சொல்லியிருந்தாள். மிருகத்துக்கு நான் பயப்படவில்லை. எங்கேயாவது ஒரு சுவருக்குப் பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரோ என்றுதான் பயம். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு "யோவ், யோவ்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வெள்ளைக்காரர்கள் வழிவிட்டார்கள்.

அவர் ஒரு கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரைக்கு அடியில் சுட்ட மண்ணில் செய்த குழாய்கள் தெரிந்தன. "தோ பாருமே. ஒரு முனைய குறுக்கி, ஒரு முனைய விரிச்சி, ஒன்னுக்குள்ள ஒன்ன சொருகி வச்சிகீறான். இத்தத்தான் நான் முப்பது வருசமா செஞ்சேன். வெல்டிங் இல்ல, ஒன்னும் இல்ல. சோக்கா கீது!" அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அவரைத் திட்ட ஆரம்பித்தேன். மகள் வந்து சேரும்வரைக்கும் திட்டினேன்.

மறுநாள் வாடகைக் காரில் தீவைக் குறுக்கே கடந்து தெற்குக் கரைக்குப் போனோம். வழியெல்லாம் ஆலிவ் மரங்கள், கல் வேலிகள், ரோட்டின் நடுவில் படுத்துக்கொண்டு ஹாரனுக்கு அசையாத ஆடுகள். பிறகு மலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பார்க்கவே முடியாத பள்ளம். வளைவுகளில் எல்லாம் ரோட்டோரத்தில் கம்பத்தின் மேல் ஒரு சின்னத் தகரப் பெட்டி. கண்ணாடிக் கதவு, உள்ளே சாமி படம், ஒரு விளக்கு, எண்ணெய் பாட்டில். அழகாக இருக்கிறதே, இது என்ன என்று கேட்டேன். அந்த இடத்தில் விபத்தில் யாராவது செத்திருந்தால், இல்லை தப்பித்திருந்தால், வீட்டுக்காரர்கள் வைப்பார்களாம்.

அதற்குப் பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின் சீட்டிலிருந்து அவர் என் தோளைத் தட்டி, "தப்பிச்சவனும் வச்சிகீறான்லமே, அத்தையும் நெனச்சிக்கோ" என்றார்.

தெற்குக் கரையில் நாங்கள் தங்கியது மலையடிவாரத்தில் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட். போனதுமே கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டினார்கள். ஆஸ்பத்திரியில் அவருக்குக் கட்டியதே அந்த மாதிரிதான். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மணலில் வைக்கோல் குடைகள், அடியில் சாய்வு நாற்காலிகள். அந்தக் கரை முழுக்கப் புடவை கட்டியவள் நான் ஒருத்திதான். சுடிதார் போடச் சொல்லி மகள் கெஞ்சினாள். அது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கடலைச் சொல்ல வேண்டும். அதில் அலையே இல்லை. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லை மேலே இருந்து எண்ணலாம். எந்த நாற்றமும் இல்லை. அவர் முழங்கால் வரை இறங்கி, ரெண்டு கையாலும் அள்ளி, தலையில் ஊற்றிக்கொண்டார். அள்ளினார், ஊற்றினார், அள்ளினார், ஊற்றினார். எங்கள் ஊர் ஆற்றின் முகத்துவாரத்தில் சாம்பலும் எண்ணெயும் வந்த பிறகு அவர் தண்ணீரில் இறங்கிப் பல வருடமாகிறது. "கலீஜே இல்லமே. மீனு கூட நம்மள மூஞ்சி பாத்து போவுது" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கோ அந்தக் கடலின் அமைதிதான் பயமாக இருந்தது. எங்கள் கடல் சத்தம் போட்டு எச்சரிக்கும். இது ஒன்றுமே சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கரையோரமாக நடந்து ஒரு பழைய துறைமுகத்தைப் பார்த்தோம். ரோமானியர் காலத்தில் அங்கே கப்பல் வந்ததாம். இப்போது பாறைமுனைக்கு அந்தப் பக்கம் நாலைந்து இடிந்த சுவர், ஒரு சின்ன வெள்ளைக் கோயில், தண்ணீருக்கு அடியில் போய் மறையும் ஒரு கல் வரிசை, அவ்வளவுதான். அவருக்குப் பொறுக்கவில்லை. "தொறைமுகத்த கரைலேர்ந்து பாத்தா இன்னா தெரியும்? கடல்லேர்ந்து பாக்கணும். கப்பக்காரன் எப்டி உள்ள பூந்தான், எங்க கட்னான், அப்பத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை மகளுக்கு ஆபீஸிலிருந்து ஏதோ அவசரக் கால். அறையிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டாள். நானும் அவரும் கரைக்கு வந்தோம். அங்கே ஒரு இளம்பெண் ஒரு குடிசையில் படகும் துடுப்புப் பலகையும் வாடகைக்கு விடுவாள். அந்தப் பலகை ஆளைவிட நீளம், அதன் மேல் நின்றோ மண்டியிட்டோ ஒற்றைத் துடுப்பால் தள்ள வேண்டும். அதைப் பார்த்ததும் அவர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "இது நம்ம கட்டுமரம்தானே! பிளாஸ்டிக்ல போட்டு வெள்ளக்காரன் வாடகைக்கி வுட்டுகினு கீறான்."

"வேண்டாம்யா. நெஞ்சுக்கு ஆவாது."

"இன்னா ஆவாது? சும்மா குந்திகினு போறதுமே. கோயிலு மொனைய தாண்டி, அந்தச் செவுர பாத்துட்டு, சோத்துக்கு வந்துர்றேன்."

அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியும். கப்பல்காரர்களோடு பேசிப் பழகியதால் இவருக்கும் கொஞ்சம் தெரியும். அவள் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டி, பன்னிரண்டு மணிக்குக் காற்று வரும், அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். இவர் தலையாட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "பன்னெண்டு மணிக்கி காத்து வரும்னுது. எங்களுக்கே சொல்லுது பாரு! வரட்டும், வந்தா நல்லதுதான். தொடுப்பே போட வாணாம், அதுவே இட்டாந்து வுட்டுரும்."

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவள் சொல்லவில்லை. அங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. இவரும் கேட்கவில்லை. மத்தியானக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று ஒரு குப்பத்து ஆள் யாரிடமாவது கேட்பானா?

நான் ஒன்றே ஒன்றில் மட்டும் விடாமல் நின்றேன். மிதக்கும் ஜாக்கெட் போட்டால்தான் போகலாம் என்று பலகையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "பேஜாரு புடிச்சவ" என்று முனகிக்கொண்டே அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து துடுப்பைப் போட்டார் பாருங்கள், அறுபது வயதுக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாடகைக்கு விட்ட பெண்ணே கைதட்டினாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மாத்திரை என் பையில் இருக்கிறது என்பது அவர் நூறு அடி போன பிறகுதான் உறைத்தது.

குடைக்கு அடியில் உட்கார்ந்து நான் அந்த ஆரஞ்சுப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாறைமுனையைத் தாண்டினார். கோயிலுக்கு நேரே கொஞ்ச நேரம் நின்றார். குனிந்து தண்ணீருக்குள் பார்ப்பது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வெளியே போனார். சரி, பார்த்துவிட்டார், வந்துவிடுவார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தேன்.

அப்போதுதான் என் முந்தானை தோளிலிருந்து நழுவி முன்னால் பறந்தது.

முன்னால். கடலைப் பார்த்து. எங்கள் ஊரில் மத்தியானத்தில் கடற்கரையில் நின்றால் முந்தானை பின்னால், ரோட்டைப் பார்த்துப் பறக்கும். முப்பது வருடமாகச் சிம்னியைப் பார்க்கிறவளுக்குக் காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்பது யோசிக்காமலே தெரிந்துவிடும். நான் திரும்பி மலையைப் பார்த்தேன். மரங்களெல்லாம் எங்களைப் பார்த்துத் தலை குனிந்திருந்தன. மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

கரையை ஒட்டிய தண்ணீர் அப்போதும் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. தூரத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. நான் தண்ணீரின் ஓரத்துக்கு ஓடி, இருக்கும் மூச்சையெல்லாம் சேர்த்து "யோவ்!" என்று கத்தினேன். காற்று அந்தச் சத்தத்தை அவரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். அவர் திரும்பி, கையைத் தூக்கி ஆட்டினார். பிறகு துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் காத்திருக்கிறார். கரைக்காற்று நின்று கடல்காற்று வரும் என்று காத்திருக்கிறார். எங்கள் ஊரில் சில நாள் அது கொஞ்சம் தாமதமாக வரும். அன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, நெஞ்சுக்குச் சிரமம் கொடுக்காமல், நான் சொன்ன பேச்சைக் கேட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஆரஞ்சு சின்னதாகிக்கொண்டே போனது. அந்தக் கரைக்குத் தெற்கே அடுத்த நிலம் ஆப்பிரிக்கா என்று முந்தின நாள்தான் மகள் மேப்பில் காட்டியிருந்தாள்.

குடிசைப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து வந்து கடலைக் காட்டினேன். தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தவளின் முகம் மாறியது. விசில் ஊதினாள். சிவப்புக் கொடி ஏற்றினாள். போனை எடுத்து யாரிடமோ வேகமாகப் பேசினாள். விசில் கேட்டு என் மகள் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். "மா, கடலோரக் காவல்ல சொல்லிட்டாங்கம்மா, வந்துருவாங்க" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. அவர்களின் படகு அடுத்த ஊரிலிருந்து வர வேண்டும்.

கரையோரச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர், நரைத்த மீசை, எண்ணெய்க் கறை படிந்த ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டு, படகுத்துறையில் கட்டியிருந்த தன் சின்ன மரப் படகை நோக்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். குப்பத்தில் பெண்கள் படகில் ஏற மாட்டார்கள். மீனை இறக்கலாம், விற்கலாம், வலையைத் தொடலாம், படகில் கால் வைக்கும் வழக்கம் இல்லை. எனக்கு அந்த வழக்கம் எப்போதும் பெரிய சௌகரியமாக இருந்தது. அன்றைக்கு என் பையில் மாத்திரை இருந்தது. கடைக்காரர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் பையைத் திறந்து மாத்திரையைக் காட்டி, நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

படகின் தரையில் உட்கார்ந்து குறுக்குப் பலகையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பாறைமுனை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதைத் தாண்டியதும் படகு எகிறியது. தண்ணீர் முகத்தில் அறைந்தது. முன்பக்கம் தூக்கும்போது வானம்தான் தெரிந்தது. இறங்கும்போது குடல் தொண்டைக்கு வந்தது. ராயபுரம் மாதா, திருவொற்றியூர் அம்மா என்று நான் கூப்பிடாத சாமியில்லை. செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பயம் இரண்டாவதாகத்தான் நின்றது. முதல் பயம், அவரைக் காணவில்லை என்பது.

கரையிலிருந்து பார்த்தபோது தெரிந்த ஆரஞ்சு, கடலில் இறங்கியதும் மறைந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் வெள்ளை நுரை. கடைக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சுற்றிப் பார்த்தார். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தினமும் ஜன்னலுக்காக அவரோடு போட்ட சண்டை எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. இனிமேல் மூட மாட்டேன், திறந்தே வைக்கிறேன், சாம்பல் வந்தால் வரட்டும் என்று கத்தி அழுதேன். அந்தக் கடைக்காரருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது.

அலை எங்களைத் தூக்கியபோது நான்தான் முதலில் பார்த்தேன். "தோ! தோ!" என்று கையைக் காட்டினேன்.

அவர் பலகையின் மேல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். துடுப்பு இல்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, தெற்கே வெறும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று அங்கிருந்துதான் வர வேண்டும் என்று, பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்ப்பவர் மாதிரி, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தம் கேட்டும் உடனே திரும்பவில்லை.

இருவருமாக இழுத்துப் படகில் போட்டோம். உதடு கறுத்திருந்தது. நெஞ்சின் மேல் கையை வைத்திருந்தார். நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துவிட்டு, அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு முந்தானையால் துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"நீ கூப்ட்டது கேட்டுச்சி" என்றார். "சோறு துன்னக் கூப்புட்றன்னு நெனச்சேன்."

நான் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். பிறகு அழுதேன்.

"காத்து திரும்பவே இல்லமே" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபமில்லை, வலியில்லை. நம்பின ஆள் ஏமாற்றிவிட்டுப் போனால் மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். நெஞ்சுக்குக் கெடுதி ஒன்றுமில்லை, களைப்புதான் என்றார்கள். கடைக்காரர் மறுநாள் எலுமிச்சை பிழிந்த கோழி சூப்பைத் தூக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். திரும்பும் வழியில் மலை வளைவில் ஒரு தகரப் பெட்டியைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னேன். யார் வீட்டுப் பெட்டியோ, செத்தவருக்கு வைத்ததோ பிழைத்தவருக்கு வைத்ததோ, எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவைத் திறந்து, அணைந்திருந்த விளக்கில் எண்ணெயை ஊற்றி ஏற்றிவிட்டு வந்தேன். அவர் காரைவிட்டு இறங்கவில்லை.

ஊருக்கு வந்து நாலு மாதமாகிறது. வந்ததிலிருந்து எனக்கு முன்னால் அவர்தான் எழுந்துகொள்கிறார். நான் போகும்போது பால்கனியில் நின்று சிம்னியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "கடல் பக்கம்தான்மே சாயுது" என்று சொல்லிவிட்டு உள்ளே வருகிறார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. வழிக்கு வந்தாரே என்று பக்கத்து வீட்டில்கூடச் சொன்னேன். கடற்கரைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார் என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். குப்பத்து ஆட்கள் வந்து கூப்பிட்டாலும் கால் வலி என்கிறார். அவருக்குக் கால் வலியெல்லாம் கிடையாது.

போன வாரம் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். காலெண்டர் தாள் படபடத்தது. கடல்காற்று வந்துவிட்டது. பழக்கத்தில் நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"மூடிடுமே."

முப்பது வருடத்தில் ஒரு நாளும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. திரும்பிப் பார்த்தேன். நாற்காலியின் கைகளை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் படகில் பலகையைப் பிடித்திருந்த மாதிரி. இதைத்தானே வேண்டிக்கொண்டாய் பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நான் ஜன்னலை மூடவில்லை. இன்னொரு கதவையும் விரியத் திறந்தேன். ஹாலின் ஜன்னலையும் திறந்தேன். சாம்பல் உள்ளே வந்து, காலையில் துடைத்த தரையில் விழுந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கையை நாற்காலியிலிருந்து பிரித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"உன் தோஸ்து வந்துகீறான்யா" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குழந்தை கேட்பது போலக் கேட்டார். "இது வேற பக்கம் திரும்பிடாதில்லமே?"

"திரும்பாதுய்யா" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. சொல்லிவிட்டு நானும் காலெண்டர் தாள் எந்தப் பக்கம் பறக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.